கெல்ம்ஸ்காட் மேனர்: ஒரு கல் பண்ணை வீட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வீட்டைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கட்டடக் கலை படித்தவர்களுக்காக எழுதவில்லை. வீடு கட்டும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்த எவருக்கும் இது புரியும்.

இது எந்த வீடு? எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுஷயரின் மேற்கு எல்லையோரம், லெச்லேட் என்ற சிறு நகரத்துக்குக் கிழக்கே கெல்ம்ஸ்காட் என்றொரு கிராமம். லண்டனில் அகலமாகப் பார்க்கும் தேம்ஸ் நதி அங்கே ஒரு வாய்க்காலைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓடுகிறது. ஆற்றங்கரை வயல்களுக்கு இந்தப் பக்கம், உயரமான மதிலுக்குள், சாம்பல் நிறக் கல்லில் கட்டிய வீடு. டர்னர் என்ற விவசாயக் குடும்பம் 1600 வாக்கில் கட்டியது. 1660களில் வடகிழக்கில் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள்.

உலகத்துக்கு இந்த வீடு தெரியவந்தது வில்லியம் மோரிஸால். சுவர்த் தாள்களுக்கும் துணிகளுக்கும் பூவேலை வரைந்தவர், கவிஞர், சோஷலிஸ்ட். 1871ல் வாடகைக்கு எடுத்தார். 1896ல் இறக்கும் வரை விடவில்லை. அவர் மனைவி ஜேன் 1913ல் விலைக்கே வாங்கினார். மகள் மே 1938 வரை அங்கே வாழ்ந்தார். 1962லிருந்து லண்டன் தொல்பொருள் ஆய்வாளர் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. சட்டப்படி முதல் தரப் பாதுகாப்புக் கட்டடம். இங்கிலாந்தில் பாதுகாக்கப்படும் கட்டடங்களில் இந்தத் தரத்தில் இருப்பவை நூற்றுக்கு இரண்டரைதான்.

பெயரில் ‘மேனர்’ இருக்கிறதே. ஜமீன் மாளிகை இல்லையா?

இல்லை. ரொம்ப காலம் அதற்கு ‘லோயர் ஃபார்ம்’, அதாவது கீழைப் பண்ணை என்றுதான் பெயர். ‘மேனர்’ 19ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. கட்டியவர்கள் பிரபுக்கள் அல்ல. சொந்த நிலம், கூலிக்கு ஆட்கள், நல்ல ஆட்டு மந்தை, களஞ்சியத்தில் தானியம் என்று கொஞ்சம் தெம்பாக வாழ்ந்த குடியானவர்கள். ஆங்கிலத்தில் ‘யோமன்’ என்பார்கள்.

ஐசக் நியூட்டன் பிறந்த வூல்ஸ்தார்ப் மேனரும் இதே ரகம்தான். லிங்கன்ஷயரில் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய பண்ணை வீடு. நியூட்டன் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன் இறந்துபோன அவர் தந்தையின் சொத்துப் பட்டியலில் 234 ஆடுகளும் 46 மாடுகளும் இருந்தன. பெயரில் என்ன இருந்தாலும், அந்தக் கணக்கைப் பார்த்தாலே அது யார் வீடு என்று தெரிந்துவிடும்.

ஏன் 1600 வாக்கில்? அதற்கு முன்பு விவசாயிகள் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார்கள்?

பெரும்பாலும் மாடியில்லாத, கூரைவரை திறந்த ஒரே கூடத்தில். நடுவில் தரையில் நெருப்பு எரியும். புகை மேலே ஏறிக் கூரை வழியே வெளியேறும். தலைக்குமேல் எப்போதும் புகை மண்டியிருந்தால் அங்கே பலகை போட்டு மாடி அமைப்பது எப்படி?

16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தானியத்துக்கும் கம்பளிக்கும் நல்ல விலை. நிலக் குத்தகையோ பல இடங்களில் பழைய தொகையிலேயே நின்றது. நடுத்தர விவசாயிகள் கையில் பணம் தங்கியது. அந்தப் பணம் கல்லாக மாறியது. 1570 முதல் 1640 வரையான காலத்தைக் கிராமப்புற இங்கிலாந்து தன்னைத் திரும்பக் கட்டிக்கொண்ட காலம் என்று வரலாற்றாசிரியர் ஹாஸ்கின்ஸ் 1953ல் எழுதினார். தேதிகளைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். வடக்கு மாவட்டங்களில் இது இன்னும் தாமதமாகத்தான் நடந்தது. ஆனால் நடந்தது உண்மை, அந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன.

இந்த மாற்றத்தின் ஆணிவேர் புகைபோக்கி. புகையைச் சுவருக்குள் ஒரு குழாயில் அடைத்து வெளியேற்றியதும், கூடத்தின் மேல் உத்தரம் போட்டு மாடி எழுப்ப முடிந்தது. மாடி வந்ததும் படுக்கையறை தனியாகப் போனது. அதற்கும் மேலே பரண். கெல்ம்ஸ்காட் அப்படிப் பிறந்த வீடு.

ஏன் கல்? இங்கிலாந்து என்றால் செங்கல்லும் மரச்சட்டமும்தானே ஞாபகத்துக்கு வருகின்றன?

காலுக்கடியில் என்ன கிடைக்கிறதோ அதுதான் வீடு. மாட்டு வண்டியில் கல் ஏற்றிச் சில மைல் போனாலே கல்லின் விலையைவிட வண்டிக்கூலி அதிகமாகிவிடும். அதனால் டெவன், கார்ன்வால் பக்கம் கருங்கல். பென்னைன் மலைப்பகுதியில் மணற்கல். ஏரி மாவட்டத்தில் ஸ்லேட் கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. களிமண் நிலத்தில் செங்கல்லும் மரமும்.

தென்மேற்கே டார்செட் கடற்கரையிலிருந்து வடகிழக்கே யார்க்ஷயர் வரை, நாட்டைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு சுண்ணாம்புக்கல் பட்டை போகிறது. ஜுராசிக் காலத்தில் ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் படிந்தது. அதில் சிறந்த ரகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் மீன் சினையை அழுத்தி வைத்தது போலச் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். ‘ஊலைட்’ என்ற பெயரே முட்டைக்கல் என்ற பொருளில் வந்ததுதான். கெல்ம்ஸ்காட்டும் வூல்ஸ்தார்ப்பும் கிட்டத்தட்ட தொண்ணூறு மைல் தள்ளித் தள்ளி இருந்தாலும் ஒரே பட்டையின் கல்லால் எழுந்தவை.

படங்களில் இந்தப் பட்டையின் மேல் இருக்கும் காட்ஸ்வோல்டு என்ற குன்றுப் பகுதியின் வீடுகள் தேன் நிறத்தில் மின்னும். அது கல்லில் உள்ள இரும்பின் நிறம். கெல்ம்ஸ்காட்டில் அவ்வளவு மஞ்சள் கிடையாது. மழைக்குப் பிறகு பார்த்தால் புறாவின் கழுத்துபோல ஒரு சாம்பல். எனக்கு அதுதான் பிடிக்கும்.

சுவரை எப்படிக் கட்டினார்கள்?

ஒரே சுவர் என்று நினைக்கிறோம், உண்மையில் இரண்டு. வெளிமுகம் ஒன்று, உள்முகம் ஒன்று. நடுவில் சில்லுக் கல்லும் சாந்தும் போட்டு நிரப்பியிருப்பார்கள். இரண்டும் விலகிப் பிரியாமல் இருக்க, ஆங்காங்கே ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை ஓடும் நீளக் கல் ஒன்றைக் குறுக்கே வைப்பார்கள். மொத்தக் கனம் சுமார் இரண்டு அடி.

கல் எல்லாமே செதுக்கியதல்ல. செதுக்கினால் கூலி. சுவரின் உடம்புக்குச் சுத்தியலால் தட்டிச் சரிப்படுத்திய கல். மூலைகளுக்கும் கதவு நிலைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் மட்டும் நயமாக இழைத்த கல். பணம் எங்கே செலவானது என்பதைச் சுவரே கணக்குப் புத்தகம்போலக் காட்டும்.

பூமியில் எந்த வாக்கில் படுத்திருந்ததோ அதே வாக்கில்தான் கல்லைச் சுவரிலும் வைக்க வேண்டும். படிவுக்கல் அடுக்கடுக்காக உருவானது. அடுக்கைச் செங்குத்தாக நிறுத்திவிட்டால், சில பனிக்காலங்களில் முகம் வெங்காயத் தோல்போல உரிந்து வரும். வெட்டியெடுத்த புதிதில் கல்லுக்குள் ஈரம் இருக்கும், உளிக்கு இளகிக்கொடுக்கும். காயக் காய மேல்முகம் இறுகும். அதனால் நுண்வேலையை முதலிலேயே முடித்துவிடுவார்கள்.

அங்கே போனால் சுவரோடு கன்னம் வைத்து மேலே பாருங்கள். மேலே போகப் போகச் சுவர் உள்நோக்கி லேசாகச் சாய்வது தெரியும். கீழே சற்று அகலம், மேலே சற்று ஒடுக்கம். தூக்குக்குண்டு வைத்துப் பார்க்கும் இன்றைய மேஸ்திரிக்கு அது பிழையாகத் தோன்றலாம். வீடு தரையில் அழுந்தி உட்கார்ந்திருப்பது போன்ற தோற்றம் அந்தச் சாய்விலிருந்துதான் வருகிறது.

கூரையில் இருப்பது ஓடா, கல்லா?

கல்தான். இந்த வீட்டில் எதைப் பற்றி வேண்டுமானாலும் சுருக்கமாகச் சொல்வேன், கூரையைப் பற்றி முடியாது.

சுண்ணாம்புக்கல்லில் மெல்லிய அடுக்குகளாகப் பிளக்கும் ஒரு ரகம் உண்டு. ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்ற ஆக்ஸ்போர்டுஷயர் கிராமத்தில் அதைப் பிளந்தது உளியல்ல, உறைபனி. இலையுதிர் காலத்தில் பாளம் பாளமாகத் தோண்டி எடுத்து, காயாமல் ஈரத்தோடு மூடி வைப்பார்கள். கடுங்குளிர் இரவு வந்ததும் திறந்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஈரம் உறைந்து விரிந்து, அடுக்குக்கு அடுக்கு கல் விட்டுக்கொடுக்கும். ஒருமுறை காய்ந்துவிட்டால் அந்தக் கல் பிறகு எதற்கும் மசியாது. நடு இரவில் பனி இறங்கினால் தேவாலய மணியை அடிப்பார்களாம். ஊர் மொத்தமும் எழுந்து போய்க் கல்லின் மேல் மூடியிருந்ததை விலக்குமாம். லிங்கன்ஷயர் பக்கத்துக் கூரைகளுக்குப் பெயர்போன காலிவெஸ்டன் கல்லும் இதே முறைதான். இப்போதைய குளிர்காலங்கள் நம்பும்படி இல்லாததால், காலிவெஸ்டன் கல்லைக் குளிர்பதன அறையில் வைத்துச் செயற்கையாக உறைய வைத்துப் பிளக்கிறார்கள்.

பிளந்த பலகைக்கு மேல்முனையில் ஒரு துளை. அதில் ஓக் மர முளை ஒன்றைச் செருகி, கூரைச் சட்டத்தின் மேல் ஓடும் சரத்தில் மாட்டுவார்கள். பலகைகள் ஒரே அளவில் பிளப்பதில்லை. பெரியதும் சின்னதுமாகத்தான் வரும். அதைக் குறையென்று ஒதுக்காமல் வகை பிரித்து, கனமான பெரியவற்றை இறவாரத்தில் வைத்து, மேலே போகப் போகச் சிறிதாக்கிக்கொண்டே முகட்டில் உள்ளங்கை அளவில் முடிப்பார்கள். மழைநீர் கீழே வரவர அதிகமாகச் சேரும். அங்கே பெரிய பலகையும் குறைந்த இணைப்புகளும் இருப்பதுதான் நல்லது. வீணாக்காமல் பிழைக்கும் புத்தியும் மழையைப் பற்றிய அறிவும் சேர்ந்து தற்செயலாக ஓர் அழகைக் கொண்டுவந்திருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் மீன் செதிள்.

இந்தக் கூரை 100 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு டன் கனக்கும். கரடுமுரடான பலகைகளுக்கிடையே காற்றோடு மழை புகும் என்பதால் சரிவும் 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக வேண்டும். இந்த வட்டாரத்து வீடுகளில் முக்கோணச் சுவர்கள் அவ்வளவு உயரமாக, கூர்மையாக நிற்பதற்குக் காரணம் அதுதான். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் ஈயத் தகடு வைப்பது இப்போதைய வழக்கம். பழைய கைகாரர்கள் அங்கேயும் சிறு பலகைகளையே வளைவாக அடுக்கி, ஒரு சரிவை மறு சரிவுக்குள் சேலைக் கொசுவம்போல இழைய விட்டுவிடுவார்கள். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இன்று சொற்பம்.

ஜன்னல்கள் ஏன் இவ்வளவு சின்னச் சின்னக் கண்ணாடியாக இருக்கின்றன?

பெரிய கண்ணாடி அப்போது இல்லை, இருந்தாலும் விவசாயிக்குக் கட்டாது. சிறு துண்டுகளை ஈயப் பட்டையால் கோத்துச் சட்டமாக்கினார்கள். ஜன்னல் திறப்பை நிமிர்ந்த கல் தண்டுகள் இரண்டு மூன்று பாகமாகப் பிரிக்கும். தலைக்கல்லின் பாரத்தைத் தாங்குவது அந்தத் தண்டுகள்தான். ஜன்னலுக்கு மேலே புருவம்போல் ஒரு கல் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் வழியும் மழை கண்ணாடியில் இறங்காமல் இருபுறமும் சொட்டிப் போவதற்கு.

காட்ஸ்வோல்டு வீடுகளில் தரைத்தள ஜன்னல் நான்கு பாகம், மாடியில் மூன்று, பரணில் இரண்டு என்று மேலே குறைந்துகொண்டே போவது வழக்கம். முக்கோணச் சுவர் குறுகுகிறது, ஜன்னலும் கூடவே குறுகுகிறது.

சில பழைய வீடுகளில் அடைத்த ஜன்னல்களைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஜன்னல் வரிதான் காரணம் என்பார்கள். 1696 முதல் 1851 வரை அப்படியொரு வரி இருந்தது. ஆனால் அறையைப் பிரித்தாலும், உள்ளே ஒரு மாடிப்படி வைத்தாலும்கூட ஜன்னலை அடைத்திருக்கிறார்கள். அடைத்த கல்லைக் கூர்ந்து பார்க்காமல் வரியின் மேல் பழி போடக்கூடாது.

உள்ளே அறைகள் எப்படி அமைந்திருக்கின்றன?

நடைவழி என்று தனியாக ஒன்று இல்லை என்பதே முதலில் மனதில் படும். மாடியில் ஓர் அறைக்குள் நுழைந்துதான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். யாருக்கும் தனிமை என்பது அன்று பெரிய விஷயமாக இல்லை. மோரிஸ் அதைக் குறையாக நினைக்காமல், பழைய வீடுகளின் வழக்கம் என்று விரும்பியே ஏற்றுக்கொண்டார்.

1660களில் சேர்த்த பகுதியில் காலம் மாறியது தெரிகிறது. வெள்ளை வண்ணம் பூசிய மரப் பலகைகள் பதித்த அறை. அதற்கு மேலே, விவிலியத்தில் வரும் சாம்சனின் கதையை நெய்த 17ஆம் நூற்றாண்டுத் திரைகள் தொங்கும் அறை. மோரிஸ் வருவதற்கு முன்பே அவை அந்த வீட்டில் இருந்தவை. குளிருக்கு அடக்கமாகச் சுவரில் தொங்கவிடுவது. அளவு பொருந்தாத இடத்தில் வெட்டி மாட்டியிருக்கிறார்கள். சாயம் வெளுத்து, சிவப்பெல்லாம் போய், நீலமும் பழுப்பும் மட்டும் மிஞ்சிய அந்தத் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றால் நகரத் தோன்றாது.

அதே பகுதியின் வெளியே, பரண் ஜன்னல்களுக்கு மேல் சின்னஞ்சிறு முக்கோண மகுடம் வைத்திருக்கிறார்கள். ரோமானியக் கோயில் முகப்பில் வருவது. நகரத்தில் வந்த நாகரிகத்தை எங்கோ பார்த்த ஒரு கிராமத்துக் கல்தச்சர், தன் பண்ணை வீட்டின் உச்சியில் இரண்டு சாண் அளவுக்கு அதை முயன்றிருக்கிறார். அந்த ஆசையைப் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது.

பரணில் என்ன?

பண்ணை ஆட்களும் இடையர்களும் படுத்த இடம். கூரையின் மரச்சட்டங்கள் மறைப்பில்லாமல் தெரியும். வளைந்த ஓக் மரங்களை வளைவோடேயே பயன்படுத்தியிருக்கிறார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். கல் கூரையின் கனத்தை உணர வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும்.

மாடுகள் எங்கே இருந்தன?

இங்கே வீட்டுக்கு வெளியே. கல் களஞ்சியமும் தொழுவங்களும் முற்றத்தைச் சுற்றித் தனித்தனியாக நிற்கின்றன. தோட்டத்தில் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் மரப்பலகைக் கழிப்பறை ஒன்றும் அப்படியே இருக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படியல்ல. டெவனில் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஹையர் அப்பாகாட் என்ற 14ஆம் நூற்றாண்டு வீட்டைப் பார்த்தால், மனிதரும் மாடும் ஒரே கூரையின் கீழ். நடுவில் குறுக்கே ஒரு ரேழி, மேட்டுப் பக்கம் குடும்பம், சரிவின் கீழ்ப்பக்கம் தொழுவம், சாணத் தண்ணீர் ஓட நடுவே ஒரு கால்வாய். கருங்கல் சுவர், வைக்கோல் கூரை. மாட்டின் உடம்புச் சூடு வீட்டுக்கும் கிடைக்கும். கெல்ம்ஸ்காட்டைக் கட்டிய தலைமுறை அந்த நெருக்கத்திலிருந்து வெளியே வந்துவிட்டது.

மோரிஸ் வீட்டில் என்னென்ன மாற்றினார்?

கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அவருடைய பெருமையே அதுதான் என்பேன். இடித்துக் கட்டும் வசதியும், அலங்கரிக்கும் திறமையும் அவரிடம் நிறையவே இருந்தன. இருந்தும் கையைக் கட்டிக்கொண்டார். வீடு வாடகை வீடு என்பது ஒரு காரணம். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் திருத்தக்கூடாது என்று அவர் நினைத்தது இன்னொரு காரணம்.

அந்தக் காலத்தில் ‘புதுப்பிக்கிறோம்’ என்ற பெயரில் பழைய தேவாலயங்களின் பூச்சைச் சுரண்டி, பிற்காலச் சேர்க்கைகளை உடைத்து, மத்திய காலம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கற்பனையாகச் செதுக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பொறுக்காமல் 1877ல் மோரிஸும் நண்பர்களும் பழங்காலக் கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சொன்னது எளிமையானது. பழையதைப் போலப் போலியாகச் செய்யாதே. ஒழுகும் கூரையை அடை, சாயும் சுவருக்கு முட்டுக் கொடு, தினமும் கவனி. எது புதிதாகச் சேர்ந்ததோ அது புதிதென்று தெரியட்டும். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

பழைய கல் வீட்டுக்குச் சிமெண்ட் பூசினால் என்ன? உறுதியாகத்தானே இருக்கும்?

இதைக் கேட்காத ஆளே இல்லை. அந்த உறுதிதான் ஆபத்து.

இந்தச் சுவர்களில் கல்லை இணைப்பது சுண்ணாம்புச் சாந்து. காளவாயில் சுட்டு, தண்ணீரில் நீற்றி, மணலோடு குழைத்தது. கல்லைவிட மென்மையாக, கல்லைவிட எளிதில் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடுவதாக அது இருக்க வேண்டும். இரண்டடிக் கனமுள்ள சுவரில் மழையும் மண்ணின் ஓதமும் புகுவதை யாராலும் தடுக்க முடியாது. புகுந்தது வெளியேற வழி வேண்டும், அவ்வளவுதான். அந்த வழி கல்லுக்கு நடுவில் ஓடும் சாந்துக் கோடுகள். உப்பும் பனியும் அந்தச் சாந்தைத்தான் அரிக்கும். நூறு ஆண்டுக்கொருமுறை சாந்தைச் சுரண்டிப் புதிதாக வைத்தால் போதும், கல் பிழைத்துக்கொள்ளும்.

போர்ட்லாந்து சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் 1824ல் காப்புரிமை வாங்கினார். கெல்ம்ஸ்காட் அதற்கு இரண்டு நூற்றாண்டு மூத்தது. இணைப்புகளில் சிமெண்ட் வைத்து அடைத்தால் ஈரம் கல்லின் முகம் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். குளிர்காலத்தில் அங்கேயே உறைகிறது, முகம் பெயர்கிறது. சில ஆண்டுகளில் சிமெண்ட் கோடுகள் தேன்கூட்டின் சுவர்போல முன்னால் துருத்தி நிற்கும், கல் உள்ளே குழிந்திருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இங்கிலாந்து வந்த புதிதில் ஒரு பழைய கல் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். முன்பு எப்போதோ உள்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசி, மேலே பளபளப்பாகப் பெயிண்டும் அடித்திருந்தார்கள். முதல் குளிர்காலம் முடிவதற்குள் அலமாரியின் பின்புறம் பூஞ்சணம். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம், அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஹீட்டரைக் கூட்டிக்கொண்டே போனோம், குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. அடுத்த கோடையில் வீட்டுக்காரர் அனுப்பிய வயதான கொத்தனார் உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு சிமெண்டைக் கொத்தி எடுத்தார். பின்னாலிருந்த சில்லுக் கல் ஊறிப்போய்க் கறுத்திருந்தது. இரண்டு மாதம் சும்மா காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு மூன்று தடவை பூசி, மேலே வெள்ளையடித்தார். அவ்வளவுதான். அடுத்த குளிர்காலத்தில் அந்தச் சுவரைத் தொட்டால் சில்லென்றிருந்தது, ஈரமாக இல்லை. அதன் பிறகுதான் இந்த வீடுகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

சுண்ணாம்பு வேலையை வசந்தத்திலும் கோடையிலும் செய்வதுதான் வழக்கம். இறுகுவதற்குள் பனி விழுந்தால் பொலபொலவென்று உதிரும். பூசிய இடத்தில் ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காய வைப்பார்கள். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராத பொருள்.

தேம்ஸ் பக்கத்திலேயே இருக்கிறதே, வெள்ளம் வராதா?

வரும். சுற்றியுள்ள புல்வெளி குளிர்காலத்தில் அடிக்கடி ஏரியாகிவிடும். தரைத்தளத்தில் கல் பலகை பாவியிருப்பதும், சுவர் காய்ந்து மீளக்கூடிய சுண்ணாம்பில் இருப்பதும் இந்த மாதிரி இடத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்று வெள்ளம் வடிந்த பிறகுதான் தெரியும்.

உள்ளே குளிருமா?

குளிரும். கனமான கல் சுவர் சூட்டையும் குளிரையும் மெதுவாகத்தான் வாங்கும், மெதுவாகத்தான் விடும். கோடையில் சொர்க்கம். ஜனவரியில் கணப்பை விட்டு இரண்டு அடி நகர்ந்தால் முதுகு விறைக்கும்.

தமிழர் யாருக்காவது இந்த இடங்களோடு தொடர்பு உண்டா?

உண்டு. ஆனந்த குமாரசுவாமி. கொழும்புத் தமிழரான சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1877, மோரிஸின் சங்கம் பிறந்த அதே ஆண்டு. படிப்பால் நிலவியலாளர். இலங்கையில் கனிம ஆய்வுப் பணியை முடித்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர், காட்ஸ்வோல்டில் பிராட் கேம்ப்டன் என்ற கிராமத்தில் குடியேறினார். அவருக்காக, பாழடைந்து கிடந்த நார்மன் காலத்துக் கல் சிற்றாலயம் ஒன்றை வீடாக மாற்றிக் கொடுத்தவர் சி. ஆர். ஆஷ்பி. மோரிஸ் வழியில் வந்த கட்டடக் கலைஞர். பழைய கல்லை அழிக்காமல், புதிய வேலையைப் புதியதாகவே காட்டிச் செய்த வீடு அது.

மோரிஸ் தன் கடைசி ஆண்டுகளில் நடத்திய அச்சகத்துக்கு இந்தக் கிராமத்தின் பெயரையே வைத்திருந்தார், கெல்ம்ஸ்காட் அச்சகம் என்று. அவர் இறந்த பிறகு அச்சு இயந்திரங்கள் ஆஷ்பியிடம் போயின. அவற்றில் ஒன்றில்தான், பிராட் கேம்ப்டனில் அந்தக் கல் வீட்டிலேயே, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன் பெருநூலை 1908ல் குமாரசுவாமி அச்சிட்டார். கண்டி நாட்டுக் கைவினைஞர்களைப் பற்றிய நூல். மோரிஸின் அச்சில் அதை ஏற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது இயல்பு. கைவேலை அழிவதைக் கண்டு இருவரும் ஒரே மாதிரிக் கலங்கினார்கள்.

பார்க்கப் போகலாமா? எதைத் தவறவிடக்கூடாது?

போகலாம். பெரிய பழுதுபார்ப்பு முடிந்து 2022 ஏப்ரலில் மீண்டும் திறந்தார்கள். வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை, வாரத்தில் சில நாட்கள் மட்டும். நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஸ்விண்டன் வரை ரயிலில் போய் அங்கிருந்து சாலை வழி.

உள்ளே போகும் முன் கிராமத்துத் தெருவில் நடங்கள். சில தோட்டங்களுக்கு வேலியாகப் பெரிய கல் பலகைகளை மண்ணில் நட்டு வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். இடுப்பளவு உயரம், பாசி படிந்து, ஒன்றின்மேல் ஒன்று லேசாகச் சாய்ந்தபடி. பிறகு செயின்ட் ஜார்ஜ் தேவாலய முற்றத்துக்குப் போங்கள். மோரிஸின் கல்லறையை அவர் நண்பர் பிலிப் வெப் வடிவமைத்தார். தலைமாட்டில் நிமிர்ந்த கல் கிடையாது. நீளமான ஒரே கல், இருபுறமும் சரிந்து நடுவில் முகடு எழும்பிய சின்னக் கூரை. மழை பெய்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து புல்லில் இறங்குகிறது.